காணாமல் போன தண்டவாளம்!

புவியியல் பாடத்துக்கு வாங்கிய அட்லஸ் வீட்டில் இருக்கிறதா? கூடவே ஓர் அடிக்கோலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு படத்தில் கடலூர் மாவட்டத்தைத் தேடுங்கள். பீங்கான் பொம்மைக்கும் மின்சார ஃபியூஸ் கட்டைக்கும் பெயர் பெற்ற விருத்தாசலம் தெரிகிறதா? அதற்குத் தென்கிழக்கே பக்கத்திலேயே இருக்கும் சிற்றூர்தான் ஸ்ரீமுஷ்ணம். பூவராகப் பெருமாள் கோயில் உள்ள ஊர். உங்கள் அட்லஸில் பெயர் இல்லாவிட்டால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புள்ளியிலிருந்து சென்னை வரை நேராக அளந்து பாருங்கள். சுமார் 200 கிலோமீட்டர் வரும். இப்போது அதே புள்ளியிலிருந்து தெற்கே, கோடியக்கரையைத் தாண்டி, கடலையும் தாண்டி, இலங்கையில் இருக்கும் யாழ்ப்பாணம் வரை அளந்து பாருங்கள். அதுவும் சுமார் 200 கிலோமீட்டர்தான்! ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்குச் சென்னை எவ்வளவு பக்கமோ, ஏறக்குறைய அவ்வளவு பக்கம் யாழ்ப்பாணம்.

இவ்வளவு அருகில் இருக்கும் அந்த மண்ணில் 26 ஆண்டுகள் போர் நடந்தது. அது 2009-ல் முடிந்தது. போர் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? உடைந்து போன ஒரு நாட்டை எப்படித் திரும்பக் கட்டுகிறார்கள்? எதைக் கட்ட முடிந்தது, எதை இன்னும் முடியவில்லை? வாருங்கள், பார்க்கலாம்.

சண்டை எப்படி வந்தது?

இலங்கை 1948-ல் சுதந்திரம் பெற்றது. அங்கே சிங்களம் பேசுபவர்கள் அதிகம். தமிழ் பேசுபவர்கள் அவர்களைவிடக் குறைவு. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் வந்தது. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் அரசு அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுப்பதற்கே திண்டாட வேண்டிய நிலை. அடுத்து 1970-களில் பல்கலைக்கழகத்தில் சேர தமிழ் மாணவர்கள் அதிக மதிப்பெண் எடுக்க வேண்டும் என்ற முறை வந்தது. எதிர்த்து நடந்த அமைதியான போராட்டங்கள் பலன் தரவில்லை. இளைஞர்கள் சிலர் ஆயுதம் எடுத்தார்கள்.

1983 ஜூலையில் கொழும்பிலும் வேறு ஊர்களிலும் தமிழர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த மோதல் முழுப் போராக மாறியது. ஒரு பக்கம் அரசு ராணுவம். மறுபக்கம் விடுதலைப் புலிகள். 2009 மே மாதம் முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் புலிகள் தோற்கடிக்கப்பட்டுப் போர் முடிந்தது.

போரில் யார் அதிகம் கஷ்டப்பட்டார்கள் தெரியுமா? துப்பாக்கி பிடிக்காத சாதாரண மக்கள்தான். கடைசிச் சில மாதங்களில் மட்டும் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நியமித்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. மருத்துவமனைகள் மீதும் குண்டுகள் விழுந்தன. மறுபக்கம், புலிகள் சிறுவர்களையும் படையில் சேர்த்தார்கள். 1990 அக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். பல தலைமுறைகளாக யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் சில மணி நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. தெற்கே சிங்கள மக்கள் பயணம் செய்த பேருந்துகளிலும் ரயில்களிலும் குண்டுகள் வெடித்தன. எல்லா வீட்டிலும் அழுகைதான்.

யாழ்தேவி திரும்பி வந்தாள்!

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு ரயில் ஓடியது. அதன் பெயர் 'யாழ்தேவி'. 1956-ல் தொடங்கிய ரயில் அது. நம் ஊரில் வைகை, பல்லவன், பாண்டியன் என்று ரயில்களுக்குச் செல்லமாகப் பெயர் சொல்வோமே, அதுபோல அந்த ஊர் மக்களுக்கு யாழ்தேவி.

1990 ஜூனில் போர் காரணமாக யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. நின்றது ரயில் மட்டுமல்ல, தண்டவாளமும் காணாமல் போய்விட்டது! இரும்புத் தண்டவாளத்தையும் அதன் அடியில் இருந்த கட்டைகளையும் பெயர்த்து எடுத்துப் பதுங்குகுழிகள் கட்டப் பயன்படுத்தினார்கள். ரயில் ஓடிய பாதையில் புதர் மண்டியது. ஸ்டேஷன் கட்டடங்களின் சுவர்களில் குண்டு துளைத்த ஓட்டைகள்தான் மிச்சம்.

போர் முடிந்த பிறகு இந்த வேலையில் கை கொடுத்தது நம் நாடு. இந்தியா கொடுத்த கடனுதவியில், இந்திய ரயில்வே துறையின் 'இர்கான்' நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீட்டர். பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீட்டர். மன்னார் பக்கம் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீட்டர். மொத்தம் 252 கிலோமீட்டர்! ஆனால் எடுத்த எடுப்பில் ஜல்லி கொட்டிவிட முடியாது. முதலில் கண்ணிவெடி இல்லை என்று சோதித்த பிறகுதான் மண்வெட்டியே இறங்கும்.

2013 செப்டம்பரில் ரயில் கிளிநொச்சி வந்தது. 2014 மார்ச்சில் பளை. 2014 அக்டோபர் 13-ந்தேதி யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாள். 24 ஆண்டுகள் கழித்து! ஒரு கணக்குப் போடுங்கள். 1990-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு குழந்தை, தன் ஊர் ஸ்டேஷனுக்கு ரயில் வருவதை முதன்முதலாகப் பார்த்தபோது அதற்கு வயது 24.

மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் எதிரி

போர் முடிந்தால் வீரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் கண்ணிவெடிக்குப் போர் முடிந்தது தெரியாது! யார் மிதித்தாலும் வெடிக்கும். விறகு பொறுக்கப் போன அம்மாவா, மாடு மேய்க்கும் சிறுவனா என்றெல்லாம் அது பார்க்காது. இலங்கைத் தமிழில் இதற்கு 'மிதிவெடி' என்று பெயர்.

வடக்கிலும் கிழக்கிலும் இரண்டு தரப்பினரும் லட்சக்கணக்கில் இவற்றைப் புதைத்து வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணம் செல்லும் வழியில் முகமாலை என்று ஓர் இடம். இரண்டு படைகளும் பல ஆண்டுகள் எதிரெதிரே நின்ற இடம் அது. உலகத்திலேயே கண்ணிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று.

இவற்றை எப்படி எடுக்கிறார்கள்? முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், உடம்புக்குக் கனமான அங்கி. தரையில் குறுகலான பாதையைக் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்வார்கள். உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை மெல்ல நகர்த்துவார்கள். 'கீய்ங்' என்று சத்தம் வந்தால் நிற்பார்கள். பிறகு சிறு கரண்டியாலோ நீண்ட பிடி போட்ட வாரியாலோ மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார்கள். பெரும்பாலும் அது ஒரு துருப்பிடித்த ஆணியாக இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதே கவனம் வேண்டும். அவசரப்பட்டால் ஆபத்து.

இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்கள் நிறையப் பேர் என்பது உங்களுக்குத் தெரியுமா? போரில் கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் அம்மாக்களும் அவர்களில் உண்டு. வெயிலில் மண்டியிட்டு அவர்கள் சுரண்டிக் கொடுத்த நிலத்தில்தான் இப்போது வீடும் பள்ளிக்கூடமும் வயலும் இருக்கின்றன.

2017-ல் மட்டக்களப்பு, கண்ணிவெடி இல்லாத மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், கண்ணிவெடிகளைத் தடை செய்யும் உலக ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது. எல்லாவற்றையும் அகற்றுவதற்கு அந்த ஒப்பந்தப்படி முதலில் கிடைத்த கெடு 2028. போர் முடிந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள்! புதைப்பது சில நிமிட வேலை. எடுப்பதுதான் ஒரு தலைமுறை வேலை.

எலிக்குத் தங்கப் பதக்கம்!

உள்நாட்டுப் போர் நடந்த இன்னொரு நாடு கம்போடியா. அங்கே கண்ணிவெடியை மோப்பம் பிடிக்க ஆப்பிரிக்கப் பெரிய எலிகளைப் பழக்கியிருக்கிறார்கள். எடை குறைவு என்பதால் எலி ஏறி ஓடினாலும் வெடிக்காது. 'மகாவா' என்ற எலி 100-க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிபொருள்களையும் கண்டுபிடித்தது. 2020-ல் அதற்கு வீரத்துக்கான தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டிலும் எலிகள் உதவின. அங்கே 1992-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. கண்ணிவெடி இல்லாத நாடாக அது அறிவிக்கப்பட்டது 2015-ல்தான்.

கூடாரத்திலிருந்து வீட்டுக்கு

போரின் கடைசிக் கட்டத்தில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் வீடு வாசல் இழந்தார்கள். வவுனியா அருகே செட்டிகுளத்தில் காட்டை வெட்டி, கூடாரங்கள் அமைத்து, 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே வைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. முதலில் வெளியே போகக்கூட அனுமதி இல்லை. மெனிக் ஃபார்ம் என்ற அந்த முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

திரும்பிப் போனவர்களுக்கு ஊரில் என்ன இருந்தது? கூரை இல்லாத சுவர், தூர்ந்து போன கிணறு, தலை இல்லாத பனைமரங்கள். இங்கேயும் இந்தியா உதவியது. வடக்கிலும் கிழக்கிலும் 46 ஆயிரம் வீடுகள். இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பெரும்பாலான வீடுகளைக் கான்டிராக்டர் கட்டவில்லை, வீட்டுக்காரர்களே கட்டினார்கள்! ஒரு குடும்பத்துக்கு இலங்கைப் பணத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் ஒரு தவணை என்று நேராக வங்கிக் கணக்கில் வந்துவிடும். தன் வீட்டுக்குத் தானே செங்கல் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு, 'இது எனக்கு யாரோ கொடுத்தது' என்ற எண்ணம் வராது அல்லவா?

போரில் சரணடைந்தவர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர், சிறுமியர். உங்கள் அண்ணன், அக்கா வயதுக்காரர்கள். துப்பாக்கி பிடித்த அவர்களை மறுவாழ்வு மையங்களில் வைத்துப் படிக்க வைத்தார்கள். ஓராண்டுக்குள் பெற்றோரிடமும் உறவினர்களிடமும் அனுப்பினார்கள்.

97 ஆயிரம் புத்தகங்கள்

யாழ்ப்பாணம் பொது நூலகம் ஒரு காலத்தில் ஆசியாவின் பெரிய நூலகங்களில் ஒன்றாக இருந்தது. அதில் சுமார் 97 ஆயிரம் புத்தகங்களும் பழைய ஓலைச்சுவடிகளும் இருந்தன. 1981-ல், மே 31 இரவு தொடங்கி அதற்குத் தீ வைத்தார்கள். எல்லாம் சாம்பல்!

கட்டடத்தைத் திரும்பக் கட்டும் பணியை அரசு 1998-ல் தொடங்கியது. தென் இலங்கையில் சிங்கள மக்களும் இதற்காக நன்கொடை கொடுத்தார்கள். 2001-ல் வெள்ளை வெளேர் என்று புதிய கட்டடம் பழைய வடிவத்திலேயே எழுந்தது. சில ஆண்டு தடங்கல்களுக்குப் பிறகு மக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, புத்தகங்களும் வந்துவிட்டன. ஆனால் ஒரே ஒரு பிரதி மட்டுமே இருந்த ஓலைச்சுவடியை எந்தக் கடையில் வாங்குவது? உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒரு நிமிடம் இதை யோசியுங்கள்.

கதைக்கத் தெரியுமா?

யாழ்ப்பாணத்துத் தமிழ் கேட்கவே இனிமையாக இருக்கும். அவர்கள் பேச மாட்டார்கள், 'கதைப்பார்கள்'! ரயில் என்றால் புகையிரதம், பேச்சு வழக்கில் கோச்சி. சைக்கிள் என்றால் துவிச்சக்கர வண்டி. ரொட்டிக்கடை ரொட்டி என்றால் பாண். ஆரஞ்சு என்றால் தோடம்பழம்.

சண்டைக்கு ஒரு காரணமே மொழிதான் என்று பார்த்தோம். அதனால் மொழியையும் சரி செய்ய வேண்டும். 1987-ல் கொண்டு வந்த அரசியல் சட்டத் திருத்தத்தில் தமிழும் ஆட்சி மொழி ஆனது. 2007-க்குப் பிறகு புதிதாக வேலைக்குச் சேரும் அரசு ஊழியர்கள் மற்ற மொழியையும் ஐந்து ஆண்டுகளுக்குள் கற்க வேண்டும் என்று விதி வந்தது. 2016 சுதந்திர தின விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் பலர். ஆனால் 2020 விழாவில் தமிழில் பாடவில்லை. சட்டத்தில் எழுதுவது ஒன்று, நாள்தோறும் நடப்பது ஒன்று என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இன்னும் முடியாத வேலை

ரயில், ரோடு, வீடு, நூலகம். இவையெல்லாம் பணம் இருந்தால் கட்டிவிடலாம். பணத்தால் முடியாதவையும் உண்டு.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சில அம்மாக்கள் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கையில் பிள்ளைகளின் போட்டோ. 'போர் முடிந்த அன்று என் மகனை ராணுவத்திடம் ஒப்படைத்தேன். அவன் எங்கே?' என்று கேட்டவர்கள் அவர்களில் உண்டு. கேட்டது இந்த ஒரே கேள்விதான். வவுனியா, முல்லைத்தீவு என்று மற்ற ஊர்களிலும் அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் போராட்டம் நீண்டது. பதில் கிடைக்காமலே இறந்துபோன அம்மாக்களும் இருக்கிறார்கள். காணாமல் போனவர்களைத் தேட 2016-ல் சட்டம் போட்டுத் தனி அலுவலகம் அமைத்தார்கள். ஆனாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை கிடைக்கவில்லை.

ராணுவம் எடுத்துக்கொண்ட வீடுகள், வயல்களில் பல திரும்பக் கிடைத்தன. இன்னும் கிடைக்காமல் காத்திருப்பவர்களும் உண்டு. வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் 20, 25 ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, அவர்களது பழைய வீடுகள் பல இடிந்து கிடந்தன. பிள்ளைகளுக்கோ வேறு ஊர்தான் சொந்த ஊராகிவிட்டிருந்தது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டிலும் 1994-ல் பெரும் படுகொலை நடந்தது. அங்கே ஊர்தோறும் மரத்தடியில் 'கச்சாச்சா' என்ற மக்கள் நீதிமன்றங்கள் கூடின. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்தவர்கள் ஊர் முன்னால் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். 2012 வரை இது நடந்தது. குறைகள் இருந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் தங்கள் உறவினர்களை எங்கே புதைத்தார்கள் என்பதாவது பல குடும்பங்களுக்குத் தெரிய வந்தது. இலங்கை அம்மாக்கள் கேட்பதும் முதலில் இந்த உண்மையைத்தான்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

'சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது' என்று பழமொழி கேட்டிருப்பீர்கள். சூளையில் வெந்த மண் மறுபடி களிமண் ஆகாது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிசைய முடியாது. நடந்து முடிந்த போரும் அப்படித்தான். நடக்காதது மாதிரி ஆக்க முடியாது.

ஆனால் பானை செய்பவர்களுக்கும் பீங்கான் தொழிலாளர்களுக்கும் ஒரு வழி தெரியும். உடைந்த ஓட்டைத் தூளாக இடித்துப் புது மண்ணில் கலப்பார்கள். வெந்த தூள் மீண்டும் சுருங்காது. அதனால் புதுப் பானை காயும்போதும் வேகும்போதும் எளிதில் விரிசல் விடாது. உடைந்ததைக் குப்பையில் எறிந்து மறைப்பதைவிட, சேர்த்துப் பிசைவது புதுப் பானைக்குப் பலம். ஒரு நாடு தன் பழைய தவறுகளை மறைக்காமல் பாடப் புத்தகத்திலும் நீதிமன்றத்திலும் பேசுவதும் இது போன்றதுதான்.

வேறு வேறு மக்கள் சேர்ந்து வாழ்வதற்கு ஸ்ரீமுஷ்ணம் ஒரு பாடம் சொல்கிறது. மாசி மகத்துக்குப் பூவராகப் பெருமாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். கிள்ளையில் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் சுவாமியை மரியாதை செய்து வரவேற்பார்கள். இது சட்டம் போட்டு வந்த பழக்கம் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு விடாமல் செய்து வந்ததால் வந்த பழக்கம்.

உங்கள் பக்கத்து பெஞ்சில்...

1983 முதல் சுமார் 3 லட்சம் பேர் படகேறித் தமிழகம் வந்தார்கள். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். சுமார் 58 ஆயிரம் பேர் தமிழகத்தில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் தங்கிவிட்டார்கள். கடலூர் மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகள் கட்டும் வேலையையும் தொடங்கியது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை இல்லை என்று மத்திய அரசு 2025-ல் அறிவித்தது.

அந்த முகாம்களில் இருக்கும் சிறுவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். இலங்கையை அவர்களும் உங்களைப் போல அட்லஸில்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'அகதி' என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அவர்களின் தாத்தா, பாட்டியைப் பார்க்க நேர்ந்தால் யாழ்தேவியைப் பற்றிக் கேளுங்கள். பழைய ரயில் பயணத்தை ஆசையாகக் கதைப்பார்கள்!